மருத்துவமனைப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்போது எந்தப் பாலிசியை எடுப்பது? நெல்லைச் சீமையினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதையும், கிளெய்ம் காகிதங்களை அடுக்கித் தருவதையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் முகவர் இல்லை. எந்த நிறுவனத்திடமும் கமிஷன் பெறுவதில்லை. அண்மைக் காலத்தில் என்னிடம் வருபவர்களில் பலர் ஒரே கவலையைச் சொல்கிறார்கள்: பாலிசி எடுத்தபோது பட்டியலில் இருந்த மருத்துவமனை இப்போது அதில் இல்லை. புதிதாகத் தனிநபர் பாலிசி எடுக்க நினைப்பவர்களுக்கும் அதே அச்சம் இருக்கிறது. அவர்கள் கேட்டவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பட்டியல் மருத்துவமனை என்றால் என்ன? அந்தப் பட்டியல் ஏன் மாறுகிறது?

காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் தமக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. கண்புரைக்கு இவ்வளவு, குடல்வால் அறுவைக்கு இவ்வளவு, மூட்டு மாற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி முடித்தபின், அந்த நிறுவனத்தின் பாலிசிதாரர் வந்தால் முன்பணம் வாங்காமல் சிகிச்சை அளித்துவிட்டு, நிறுவனத்திடமிருந்தே பணத்தைப் பெற்றுக்கொள்ள மருத்துவமனை இசைகிறது. நாம் கேஷ்லெஸ் என்று சொல்வது இதைத்தான்.

அந்த ஒப்பந்தத்துக்குக் காலவரையறை உண்டு. அது முடியும்போது மருத்துவமனை கட்டணத்தை உயர்த்தக் கேட்கும், நிறுவனம் மறுக்கும். பில் பணம் மாதக்கணக்கில் வராமல் இழுபட்டதால் மருத்துவமனையே விலகுவதும் உண்டு. பில் ஊதிப் பெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட்டு நிறுவனம் நீக்குவதும் உண்டு. 2025 ஆகஸ்டில் மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று, வட இந்தியாவிலுள்ள தன் உறுப்பினர்களிடம், பெரிய தனியார் நிறுவனம் ஒன்றின் பாலிசிதாரர்களுக்குச் செப்டம்பர் 1 முதல் கேஷ்லெஸ் வசதியை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது என்றாலும், அந்த நாட்களில் அறுவைக்குத் தேதி குறித்திருந்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். பிரீமியம் கட்டுகிற நாம் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் பாலிசி ஆயுள் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது. பட்டியலுக்கோ அந்த ஒப்பந்தம் இருக்கும்வரைதான் ஆயுள். ஆகவே, பட்டியலை மட்டும் நம்பிப் பாலிசியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எங்கள் மருத்துவமனை பட்டியலிலிருந்து போய்விட்டால், அங்கே பாலிசி செல்லாதா?

பெரும்பாலான பாலிசிகளில் செல்லும். இதைத் தெரிந்துகொள்ளாமல், நன்கு பழகிய மருத்துவரை விட்டுவிட்டு முன்பின் தெரியாத இடத்துக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இழப்பது கேஷ்லெஸ் வசதியை மட்டுமே. பணத்தை முதலில் நீங்களே கட்டிவிட்டு, பில்களைக் கொடுத்துத் திரும்பப் பெறும் உரிமை அப்படியே இருக்கிறது. அந்த இடம் பாலிசி சொல்லும் ‘மருத்துவமனை’ என்ற வரையறைக்குள் வர வேண்டும், அவ்வளவுதான். 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரென்றால் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கைகள், மற்ற இடங்களில் 15, இரவு பகலாக மருத்துவரும் செவிலியரும், அறுவை அரங்கு, அன்றாடப் பதிவேடுகள் என்பது, காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) வரையறை. மருத்துவ நிறுவனங்களுக்கான சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற இடமும் மருத்துவமனையாகக் கொள்ளப்படும். 2011 கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை என்பதால், நம் பக்கத்துக்கு 10 படுக்கை என்ற அளவே பொருந்தும். அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ உள்ள சிறிய நர்சிங் ஹோம்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. ஒவ்வொரு நிறுவனமும், தான் முற்றிலும் விலக்கிவைத்த மருத்துவமனைகளின் பெயர்களைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அங்கே எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கு, நீங்கள் பணம் கட்டிவிட்டுக் கேட்டாலும், கிடைக்காது. உயிருக்கு ஆபத்தான நிலை அல்லது விபத்து என்றால் மட்டும், நோயாளி நிலைப்படும் வரையிலான செலவைத் தருவார்கள். முழுச் செலவையும் தர மாட்டார்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையும் விலக்கப்பட்ட மருத்துவமனையும் ஒன்றல்ல. பாலிசி எடுக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு பட்டியல்கள்.

அப்படியானால் பட்டியலைப் பார்க்கவே வேண்டாமா?

பார்க்கத்தான் வேண்டும், ஆனால் நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் மருத்துவமனைகள் என்ற விளம்பர எண்ணைப் பார்த்துப் பயனில்லை. உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஆட்டோவோ 108 வண்டியோ உங்களை எங்கே கொண்டுபோகும்? வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்டு, பாளை பேருந்து நிலையப் பக்கம் என்று நகரத்தில் இருப்பவருக்குச் சில தெரிவுகள் உண்டு. களக்காட்டிலோ விக்கிரமசிங்கபுரத்திலோ இருப்பவருக்கு அத்தனை இல்லை. வள்ளியூர், பணகுடிப் பக்கத்தவருக்கு நெல்லையைப் போலவே நாகர்கோவிலும் பக்கம். ஆகவே அவர்கள் கன்னியாகுமரி மாவட்டப் பட்டியலையும் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், நிறுவனங்களின் தேடுபக்கத்தில் ஒரே மருத்துவமனை சில நேரம் பழைய மாவட்டத்தின்கீழும் சில நேரம் புதிய மாவட்டத்தின்கீழும் இருக்கும். இரண்டிலும் தேடிவிட்டுத்தான் இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

அதன்பின், பெரிய நோய் என்றால் உங்கள் குடும்பம் எங்கே போகும் என்று யோசியுங்கள். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை, சிலருக்குத் திருவனந்தபுரம். பக்கத்தில் இரண்டு, பெருநகரில் இரண்டு என்று நான்கு மருத்துவமனைகளாவது ஒரு நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால், அவற்றில் ஒன்று விலகினாலும் நீங்கள் தவிக்க மாட்டீர்கள். ஒரே ஒரு மருத்துவமனைக்காக எடுக்கப்படும் பாலிசிதான் முதல் மாற்றத்திலேயே பயனற்றுப் போகிறது.

மருத்துவமனை வாசலிலேயே அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகை இருக்கிறதே, போதாதா?

போதாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான திட்டம், தொழிற்சாலைகள் எடுக்கும் குழுப் பாலிசி, நாம் எடுக்கும் தனிநபர் பாலிசி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம் தனித்தனியாக இருக்கலாம். பலகை எதற்காக மாட்டப்பட்டது என்பதும், ஒப்பந்தம் முடிந்தபின்னும் அது கழற்றப்படாமல் இருக்கிறதா என்பதும் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் மேசையில் இருப்பவரிடம் நிறுவனத்தின் பெயரோடு பாலிசியின் முழுப் பெயரையும், இடையில் டிபிஏ (நிறுவனத்துக்காகக் கிளெய்ம் வேலைகளைக் கவனிக்கும் இடைநிலை அமைப்பு) இருந்தால் அதன் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அதே கேள்வியை நிறுவனத்தின் உதவி எண்ணிலும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். பிரீமியம் குறைவாக இருக்கிறது என்று காட்டப்படும் சில திட்டங்களில், பட்டியலே சுருக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலிசிப் பத்திரத்தில் எதை முதலில் படிப்பது?

பட்டியல் கைவிட்டாலும் உங்களைக் கைவிடாத விதிகள் எவை என்ற கண்ணோடு படியுங்கள். பத்திரம் நீளமானது, ஆனால் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கங்களில் ஒரு சுருக்கம் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அறை வாடகை வரம்பை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை நாளொன்றுக்கு அதில் 1 சதவீதம் என்று இருந்தால், உங்களுக்கு உரியது 3,000 ரூபாய் அறை. 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்துவிட்டால், கூடுதல் 12,000 ரூபாய் மட்டும்தான் கைப்பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். இவை 80,000 ரூபாய் என்றால் 40,000 உங்கள் தலையில் விழும். மருந்துக்கும், உடலுக்குள் பொருத்தப்படும் ஸ்டென்ட், லென்ஸ் போன்றவற்றுக்கும் இந்த வெட்டு கூடாது என்பது விதி. பட்டியல் மருத்துவமனையில், உங்கள் பாலிசிக்கு இந்த அறைதான் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார். பட்டியலுக்கு வெளியே அதைச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசியும், ‘தனி ஏசி அறை’ என்று வகையை மட்டும் குறிப்பிடும் பாலிசியும், பட்டியல் மாறும் காலத்தில் கூடுதல் பிரீமியத்துக்குத் தகுதியானவை.

அடுத்தது இணைப்பங்கு, அதாவது கோ-பே. பட்டியலில் இல்லாத இடத்தில் சிகிச்சை பெற்றால் பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்று சில பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். பட்டியல் மாறுவது உங்கள் கையில் இல்லாதபோது, அதற்கான தண்டத்தை நீங்கள் கட்டுவது நியாயமில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் நான் வேறு பாலிசியைப் பார்க்கவே சொல்வேன்.

மண்டல விதியையும் பாருங்கள். சில நிறுவனங்கள் ஊர்களைப் பிரித்து, சிற்றூர் முகவரிக்குக் குறைந்த பிரீமியம் வாங்குகின்றன. அந்தப் பாலிசியோடு சென்னை போன்ற பெருநகரில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மகனோ மகளோ சென்னையில் வேலை பார்த்து, பெற்றோர் சேரன்மகாதேவியில் இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். பெரிய அறுவை என்றால் பிள்ளை இருக்கும் ஊருக்குத்தான் கூட்டிப்போவார்கள். அவர்கள் இந்த விதியைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

காத்திருப்புக் காலங்களைப் பற்றி, அதாவது பாலிசி எடுத்தும் கிளெய்ம் கிடைக்காத காலங்களைப் பற்றி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். எழுத வேண்டாம் என்று சொல்லும் முகவர், கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

கையில் எவ்வளவு பணம் தயாராக வைத்திருக்க வேண்டும்?

2023-இல் என் தாயாருக்குப் பித்தப்பைக் கல் அறுவை நடந்தது. நான் பார்த்துவைத்திருந்த பட்டியல், முகவர் ஓராண்டுக்கு முன் அச்சடித்துத் தந்த தாள். அனுமதிக்கும் காலையில்தான், அந்த மருத்துவமனையின் ஒப்பந்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் மேசையில் சொன்னார்கள். அம்மாவுக்கு வலி இருந்தது; வேறிடம் தேட மனம் வரவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து 96,000 ரூபாய் கட்டினோம். 40 நாட்களுக்குப் பின் 81,400 ரூபாய் திரும்ப வந்தது. பிடிக்கப்பட்டதில் ஒரு பகுதி கையுறை போன்ற சில்லறைப் பொருட்களுக்கானது. மறுபகுதி, கட்டணம் அந்தப் பகுதியில் வழக்கமான அளவைவிடக் கூடுதல் என்ற காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டது. பட்டியல் மருத்துவமனையாக இருந்தால் கட்டணம் முன்பே பேசப்பட்டிருக்கும். அந்த இரண்டாவது பிடித்தம் வந்திருக்காது.

அதனால்தான், பிரீமியத்தைத் தவிர்த்து, ஓர் இடைத்தர அறுவைக்கு ஆகும் தொகையை, ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடனே எடுக்கக்கூடிய வைப்பாகவோ நகைக்கடன் வரம்பாகவோ ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். அது இயலாத குடும்பம், பாலிசியின் மற்ற சிறப்புகளைவிடப் பக்கத்துப் பட்டியலுக்குச் சற்று அதிக எடை கொடுக்கலாம்.

பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெற என்னென்ன வாங்கிவர வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியாகப் பிரித்த இறுதி பில், ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது, மருந்துச் சீட்டோடு கூடிய மருந்து பில்கள், பரிசோதனை முடிவுகள், லென்ஸோ ஸ்டென்டோ வைத்திருந்தால் அதன் ஒட்டுத்தாள், கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதி, ரத்து செய்த காசோலை ஆகியவை வேண்டும். சிறிய மருத்துவமனை என்றால் படுக்கை எண்ணிக்கையும் பதிவு எண்ணும் குறித்த கடிதம் ஒன்றை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். பின்னால் கேள்வி வந்து, முக்கூடலிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ அதற்காக மறுபடி பஸ் ஏறுவது பெரும் அலைச்சல். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மூலத்தைக் கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட செய்தியை உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க மறக்கக் கூடாது.

எந்த மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் உண்டு என்று இப்போது சொல்கிறார்களே?

2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் மன்றம் அப்படி ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரம் என்றால் அனுமதித்த 48 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல முயற்சிதான், ஆனால் மருத்துவமனை சம்மதித்தால்தான் நடக்கும். ஒப்பந்தத் தகராறில் விலகிய மருத்துவமனை சம்மதிக்கும் என்று எதிர்பார்த்து அறுவைக்குத் தேதி குறிக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள், எழுத்தில் ஒப்புதல் வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் பற்றி ஒரு விதியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2024 மே 29 தேதியிட்ட ஆணையத்தின் முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

டயாலிசிஸ், கீமோ என்று தொடர்ந்து போகிறவர்கள் என்ன செய்வது?

இவர்களுக்காகவே நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஒரு முறை அனுமதித்து முடியும் அறுவையைப் போல இது இல்லை. ஒவ்வொரு முறையும் ஒப்புதல் பெற வேண்டியிருப்பதால், நடுவில் ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த வாரமே பணம் கட்ட வேண்டிவரும். மாதம் ஒரு முறை உதவி எண்ணில் கேட்டு, பட்டியலில் மருத்துவமனை தொடர்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டாவது மருத்துவமனை ஒன்றில் கோப்பைத் தொடங்கி, ஒரு முறையாவது அங்கே போய் மருத்துவரைப் பார்த்துவையுங்கள். நோயின் நடுவில் முகம் தெரியாத இடத்துக்குப் போகும் நிலை அப்போது வராது.

பட்டியல் மாறியதால் வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் பாலிசி ஆண்டின் நடுவில் முடியாது. புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு, போர்ட் செய்வதற்கான, அதாவது பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதற்கான, விண்ணப்பத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். பழைய பாலிசியில் நீங்கள் கழித்த காத்திருப்புக் காலம், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குப் புதியதிலும் கணக்கில் வரும். தொகையை 3 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

புதிய நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பார்த்து மறுக்கவும் முடியும். 40 வயதில் நோயில்லாதவர் மாறுவது எளிது. 66 வயதில் இதய அறுவை செய்தவருக்குக் கதவு திறக்காமல் போகலாம். பழைய நிறுவனமோ, கிளெய்ம் கேட்டீர்கள் என்பதற்காக உங்களுக்குப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆகவே புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள். ஒரு மருத்துவமனை போனதற்காக மட்டும் மூத்த குடிமக்கள் மாறுவதை நான் ஊக்குவிப்பதில்லை. மேலும், அவர்களுடைய பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த ஆணையத்தைக் கலந்தே ஆக வேண்டும் என்ற பாதுகாப்பு 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தனிப் பாலிசி வேண்டுமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அந்தத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. பீடித் தொழிலாளர், பாய் நெசவாளர் வீடுகளில் பல உயிர்களைக் காத்த அட்டை அது. ஆனால் அதற்கென்று குறித்த சிகிச்சைகளுக்கும், அதன் சொந்தப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கும்தான் செல்லும். தனிப் பாலிசிக்குப் பிரீமியம் கட்ட முடியாத வீடு, அட்டையை உயிர்ப்போடு வைத்துக்கொண்டாலே போதும். முடிந்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருப்பது, தயங்கி நின்ற சில குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது.

பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி எடுக்கவைத்தார்கள்; இப்போது இல்லை என்கிறார்கள். எங்கே முறையிடுவது?

பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவுகள் போகப் பிரீமியம் திரும்ப வரும். ஆகவே பத்திரம் வந்த வாரமே, சொல்லப்பட்ட மருத்துவமனைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அந்தக் காலம் தாண்டிவிட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் வரவில்லை அல்லது நிறைவில்லை என்றால், ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் பதியலாம்; அதன் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதியலாம். அதற்கும் மேல், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல், அவர் குரல் பதிவு, நீங்கள் உதவி எண்ணில் பேசிய தேதி ஆகியவற்றை மனுவோடு இணைத்து அனுப்புங்கள்.